கோயிற் பதிவேடும் குடிக்கணக்கும்

"பெங்களூரில் தமிழ்க் கிறித்தவர் எத்துணைப் பேர்?" என்று எங்கள் பேராசிரியர் ஒரு நாள் வகுப்பில் வினவினார். ஒரு கிழமைக்குள் சொல்லிவிடுகிறேன் என்று எழுந்து நின்று ஒப்புக்கொண்டவன் நான். குடிக்கணக்கு நூலைப் புரட்டினால் கிடைத்துவிடும் என்பது என் எண்ணம். ஓராண்டு கழிந்துவிட்டது. இன்னும் விடை சொல்லவில்லை. விடை ஏன் கிடைக்கவில்லை என்பதைத்தான் இக்கட்டுரையில் சொல்லப் போகிறேன். அது விடையைவிடச் சுவையுடையது என்பது என் கருத்து. பேராசிரியர் அவ்வாறு கருதுவாரா என்பதை நானறியேன்.

முதலில் அரசின் கணக்கைக் காண்போம். 2011 ஆம் ஆண்டின் சென்சஸ் இந்திய நாட்டில் கிறித்தவர் 2 கோடியே 78 இலட்சம் என்கிறது, நூற்றுக்கு 2.3 பேர். கருநாடகத்தில் நூற்றுக்கு 1.87, தமிழ்நாட்டில் 6.12. கன்னியாகுமரி மாவட்டத்தில் மட்டும் கிறித்தவர் நூற்றுக்கு 46.85 ஆகவும் இந்துக்கள் 48.65 ஆகவும் ஏறத்தாழச் சமமாக நிற்கின்றனர். பெங்களூர் நகர மாவட்டத்தில் நூற்றுக்கு ஐவர் என்று கொள்ளலாம். மாநில அளவைவிட இஃது ஏறக்குறைய மும்மடங்கு.

ஆனால் அந்த ஐவரில் தமிழர் எத்துணைப் பேர்? நான் பார்த்த அட்டவணைகள் எவற்றிலும் இல்லை. தாய்மொழிக்கு ஓர் அட்டவணை உண்டு. மதத்திற்கு ஓர் அட்டவணை உண்டு. இரண்டையும் பின்னிக் காட்டும் அட்டவணையை நான் கண்டிலேன். கத்தோலிக்கர் எத்துணைப் பேர், தென்னிந்தியத் திருச்சபையார் எத்துணைப் பேர், பெந்தெகொஸ்தே சபையார் எத்துணைப் பேர் என்பதும் இல்லை. வெள்ளையர் ஆட்சிக் காலத்துக் குடிக்கணக்கு நூல்களில் கிறித்தவரை உட்பிரிவு வாரியாகப் பிரித்துத் தனித்தனியே காட்டியிருப்பர். விடுதலைக்குப் பின் அவ்வழக்கம் நின்றுபோயிற்று. 2011 ஆம் ஆண்டுப் படிவத்தில் மதம் பற்றியது ஏழாவது வினா. இந்து என்றால் 1, முஸ்லிம் 2, கிறித்தவர் 3, சீக்கியர் 4, பௌத்தர் 5, சமணர் 6. வேறெதுவாயினும் பெயரை மட்டும் எழுதவேண்டும். ரோமாபுரியை நோக்குபவரும், மூழ்கி ஞானஸ்நானம் பெற்றவரும், ஆண்டுக்கொருமுறை கிறித்துமஸ் அன்று மட்டும் கோயில் வாயிலை மிதிப்பவரும் ஒரே 3.

மேலும் ஒன்று. கணக்கெடுப்பவர் வாதிடக்கூடாது; வீட்டார் எந்த மதத்தைச் சொல்கிறாரோ அதையே எழுதவேண்டும் என்பது அவருக்கு இடப்பட்டுள்ள கட்டளை. நல்ல கட்டளைதான். ஆனால் அதன் பொருள் என்ன? அரசு எண்ணுவது மதத்தையன்று. வாயிலில் நின்று ஒருவர் சொன்ன சொல்லை. அந்தச் சொல்லையும் பெரும்பாலும் குடும்பத் தலைவரே எல்லாருக்குமாகச் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்.

சரி, அரசிடம் இல்லையென்றால் கோயில்களிடம் கேட்போம் என்று புறப்பட்டேன். இந்நகரில் தமிழ்க் கோயில்கள் எங்ஙனம் வந்தன என்பதை முன்னர்ச் சுருங்கச் சொல்லிவிடவேண்டும். 1799 இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. 1809 இல் ஆங்கிலப் படை அங்கிருந்து பெங்களூருக்கு மாறியது. கண்டோன்மெண்ட் பிறந்தது. சென்னைப் படையோடு சிப்பாய்கள், சமையற்காரர், குதிரைக்காரர், தையற்காரர், வணிகர் எனத் தமிழர் வந்தனர். அதற்கு முன்னரே, செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் கிறித்தவர் இங்கு இருந்தனர் என்று சிவாஜிநகர் மரியன்னை ஆலயத்தின் வரலாறு கூறும். அங்கே 1818 இல் சிற்றாலயம் அமைத்தவர் பிரெஞ்சுப் பாதிரியார் துபுவா என்பர். வேடிக்கை என்னவெனில், அதே துபுவா 1823 இல் இலண்டனில் வெளியிட்ட கடிதங்களில், இந்துக்களைக் கிறித்தவராக்கும் முயற்சிக்கு இனி நம்பிக்கை இல்லை என்று எழுதிவிட்டுத் தம் நாடு திரும்பினார். இப்போதுள்ள உயர்ந்த கோபுரக் கோயில் 1882 இல் முடிவுற்றது. ஆங்கிலத் திருச்சபையாரும், வெஸ்லியன் மெதடிஸ்டுகளும், இலண்டன் மிஷனாரும் தமிழருக்கெனத் தனித்தனிக் கோயில்கள் எழுப்பினர். 1947 செப்டம்பர் 27 அன்று இவர்கள் சென்னையில் ஒன்றுகூடித் தென்னிந்தியத் திருச்சபையாயினர். ஒன்றானது சபை, பதிவேடுகள் ஒன்றாகவில்லை. அவை பழைய அலமாரிகளிலேயே தங்கின.

இப்பதிவேடுகளைப் பற்றிச் சிறிது விரித்துரைக்க விரும்புகிறேன். நம் மாணவர் பலர் இவற்றைக் கண்ணாலும் கண்டிரார்.

கத்தோலிக்கரின் ஞானஸ்நானப் பதிவேடு ஒரு வியத்தகு கருவி. 1563 இல் திரெந்து நகரப் பொதுச்சங்கம் திருமணங்களை ஏட்டில் எழுதிவைக்கவேண்டும் என்றும், ஞானப் பெற்றோர் பெயரைப் பதிந்துவைக்கவேண்டும் என்றும் விதித்தது. பின்னர் 1907 இல் ரோமாபுரியிலிருந்து வந்த ஆணை மற்றொன்றைச் சேர்த்தது: ஒருவருக்கு எங்கே திருமணம் நடந்தாலும், அவர் ஞானஸ்நானம் பெற்ற ஊருக்கு எழுதியனுப்பி, அந்தப் பழைய ஏட்டில் அவர் பெயருக்கு எதிரே ஓரத்தில் குறிக்கவேண்டும். ஆகவே குழந்தையாய் இருந்தபோது எழுதப்பட்ட ஒரு வரி, அவர் உலகின் எந்த மூலைக்குச் சென்றாலும் அவரைத் தொடர்ந்துகொண்டே இருக்கும். உறுதிபூசுதல், திருமணம், குருப்பட்டம் எல்லாம் அந்த ஓரத்தில் வந்து சேரும். ஆனால் 'இவர் இப்போது கோயிலுக்கு வருவதில்லை' என்று எழுத அந்த ஓரத்தில் இடமில்லை. பெயர் ஒருமுறை ஏறினால் இறங்காது.

தென்னிந்தியத் திருச்சபையில் முறை வேறு. அங்கே ஞானஸ்நானப் பதிவேடு ஒன்று. குடும்பப் பதிவேடு ஒன்று. திடப்படுத்தல் பெற்று நற்கருணையில் பங்கு கொள்வோர் பட்டியல் ஒன்று. சந்தா செலுத்திச் சபைக்குழுத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையுடையோர் பட்டியல் ஒன்று. ஒரே சபையில் 'உறுப்பினர் எத்துணைப் பேர்?' என்று கேட்டால் நான்கு விடைகள் கிடைக்கும். நான்கும் மெய்யே. தேர்தல் நெருங்கும் ஆண்டில் நான்காவது பட்டியல் நீளும் என்று ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்னார். ஒருவர் ஊர் மாறினால் மாறுதல் கடிதம் பெற்றுச் செல்லவேண்டும் என்பது வழக்கம். கடிதம் வாங்காமலே மாறுபவர் பலர். அவர்கள் பழைய ஊரின் ஏட்டிலும் இருப்பர்; புதிய ஊரின் ஏட்டிலும் இருப்பர்; அல்லது இரண்டிலும் இரார்.

பெந்தெகொஸ்தே சபைகளில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் இல்லை. வளர்ந்தபின் தாமே விரும்பி மூழ்கி எழவேண்டும். ஆகவே அவர்கள் கணக்கில் குழந்தைகள் உறுப்பினர் அல்லர். இச்சபைகளுக்குச் செல்வோர் பலர் தம் பழைய சபையின் அட்டையை விடுவதில்லை. ஏன் தெரியுமா? கல்லறை! ஓசூர்ச் சாலைக் கல்லறைத் தோட்டத்திலும் கல்பள்ளியிலும் பாட்டன் பூட்டன் துயிலும் இடத்திற்கருகே ஆறடி மண் வேண்டுமென்றால் சபையின் சீட்டு வேண்டும். உயிரோடு இருக்கும்போது ஓரிடம். உயிர் போனபின் வேறிடம்.

என் வீட்டையே ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். நாங்கள் அறுவர். என் பாட்டி கோலார் தங்கவயலில் பிறந்து கத்தோலிக்கக் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவர். வடஆர்க்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்த குடும்பம். என் பாட்டனாரை மணந்தபின் தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்தார். தங்கவயல் ஏட்டில் அவர் பெயர் இன்றும் இருக்கிறது. சுரங்கம் 2001 இல் மூடப்பட்டது, ஏடு மூடப்படவில்லை. இங்குள்ள சபை ஏட்டிலும் அவர் உண்டு. என் சித்தப்பா பெந்தெகொஸ்தே சபையில் மூழ்கி எழுந்தவர். ஆயினும் அவருடைய சந்தாவை என் தந்தையார் பழைய சபையில் தவறாமல் கட்டி வருகிறார், மேற்சொன்ன ஆறடிக்காக. நான் பிறந்தபோது தந்தையார் ஓசூரில் வேலையில் இருந்தார். என் பெயர் ஓசூர் ஏட்டில் இருக்கிறது, பெங்களூருக்கு வரவேயில்லை. என் தங்கை இன்னும் திடப்படுத்தல் பெறவில்லை.

இப்போது எண்ணுங்கள். அரசின் கணக்கில் எங்கள் வீட்டுக் கிறித்தவர் ஆறு. ஏடுகள் அனைத்தையும் கூட்டினால், பாட்டியும் சித்தப்பாவும் இரட்டிப்பதால், எட்டு. எங்கள் சபையின் வாக்காளர் பட்டியலில் நான்கு. ஞாயிறுதோறும் அச்சபையின் கோயிலில் அமர்பவர் என் தாயாரும் தங்கையும், ஆக இருவர். (நான் தேர்வுக் காலங்களில் செல்வதுண்டு, அதைக் கணக்கில் சேர்ப்பது முறையன்று.) ஒரு வீட்டிலேயே ஆறு, எட்டு, நான்கு, இரண்டு என்றால், நகரம் முழுமைக்கும் பேராசிரியருக்கு நான் என்ன சொல்வேன்?

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டில் இதற்கு நேர்மாறான நிலை. அங்கே அரசு மதத்தைக் கேட்பதில்லை. மதம் பற்றிய வினாவுக்கு விடையளிக்குமாறு குடிக்கணக்கில் எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்று 1976 இல் சட்டமே செய்துவிட்டனர். 1906, 1916, 1926, 1936 ஆகிய ஆண்டுகளில் அரசு சபைகளுக்கு எழுதிக் கேட்டு ஒரு கணக்கு வெளியிட்டது. அதன்பின் அதுவும் நின்றது. இன்று புள்ளியியலறிந்த சபையார் ஒன்றுகூடிப் பத்தாண்டுக்கு ஒருமுறை கௌண்டி வாரியாகத் தாமே எண்ணுகின்றனர். 2020 ஆம் ஆண்டுக் கணக்கும் வெளிவந்துள்ளது. கௌண்டி என்பது நம் மாவட்டம் அல்லது தாலுகா போன்ற ஒரு பிரிவு. சில ஊர்ப்புறக் கௌண்டிகளில் ஒரு விந்தை நிகழ்கிறது: சபைகளைச் சார்ந்தோர் தொகை அங்கே வாழும் மக்கள் தொகையைவிட மிகுந்துவிடுகிறது! கோயில் எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஆளை எண்ணுகின்றனர். அடுத்த கௌண்டியிலிருந்து வண்டியேறி வருபவரும் இங்கே சேர்ந்துவிடுகிறார். ஊரைவிட்டுச் சென்றவர் பெயரும் உடனே அடிக்கப்படுவதில்லை. கத்தோலிக்கர் கைக்குழந்தையையும் எண்ண, பாப்டிஸ்டுகள் மூழ்கியவரை மட்டும் எண்ணுவதால், இரண்டையும் ஒப்பிடுவதற்குக் 'சார்ந்தோர்' என்றொரு மதிப்பீட்டைப் புகுத்தவேண்டியதாயிற்று. இதைப் படித்தபோது என் சித்தப்பாவின் நினைவு வந்தது.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அமெரிக்க உழவர் ஒருவர் எந்தச் சபையின் ஏட்டில் இருந்தாலும், இல்லாவிட்டாலும், அதனால் அவருக்கு அரசிடம் ஒன்றும் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. இங்கே அப்படியன்று. இதைச் சொல்ல என் மாமாவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

மாமா என் தாயாரின் தம்பி. தாயாரின் குடும்பம் ஆதிதிராவிடர் குடும்பம், கிறித்தவர் அல்லர். தாயார் திருமணத்திற்குமுன் ஞானஸ்நானம் பெற்றார். அக்காளைப் பார்க்க வந்த மாமா அக்காளோடு கோயிலுக்கும் வந்தார், வந்தவர் நிற்கவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் கடைசிப் பலகையில், தூணை ஒட்டிய இடத்தில் அமர்ந்தார். ஞானப்பாட்டுகள் அவருக்கு என் தந்தையாரைவிட நன்றாகத் தெரியும். ஆனால் ஞானஸ்நானம் பெறவில்லை. அவர் ஓர் அரசு அலுவலகத்தில் கடைநிலை ஊழியர். பட்டியல் இனத்தவருக்கு ஒதுக்கிய இடத்தில் அமர்ந்தவர்.

1950 ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து மதம் அல்லாத மதத்தைப் பின்பற்றுவோர் பட்டியல் இனத்தவராகக் கருதப்படார் என்கிறது. 1956 இல் சீக்கியரையும் 1990 இல் பௌத்தரையும் சேர்த்துக்கொண்டனர். கிறித்தவரும் முஸ்லிம்களும் இன்றும் வெளியே. பழங்குடியினருக்கு இந்தத் தடை இல்லை. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த சூசை என்பவர், தம்மைப் போன்ற இந்துத் தொழிலாளருக்குக் கொடுத்த பெட்டிக்கடை, தாம் கிறித்தவர் என்பதால் தமக்குக் கிடைக்கவில்லை என்று உச்சநீதிமன்றம் சென்றார். மதம் மாறிய பின்னும் அதே கடுமையான இழிநிலை தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று காட்டப்படவில்லை என்று 1985 இல் அவர் மனு தள்ளுபடியாயிற்று. 2007 இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்தப் பத்தியை நீக்கலாம் என்று பரிந்துரைத்தது. 2022 இல் மற்றோர் ஆணையம் அமைந்தது. தமிழ்நாட்டில் இத்தகையோர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். அது வேறு வரிசை.

2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பை மாணவர் படிக்கவேண்டும். புதுச்சேரிப் பெண் ஒருவர் தாம் இந்து என்றும், பட்டியல் இனச் சான்று வேண்டும் என்றும் கேட்டார். அவர் குழந்தையாக இருந்தபோது பெற்ற ஞானஸ்நானம் கோயில் ஏட்டில் இருந்தது. அது சான்றாக வந்து நின்றது. சான்று கிடைக்கவில்லை. ஓர் ஊர்ப் பாதிரியார் மை தொட்டு எழுதிய வரிக்கு எத்துணை வலிமை என்று பாருங்கள்.

குடிக்கணக்குப் படிவத்தில் ஏழாவது வினாவுக்கு 'கிறித்தவர்' என்று சொன்ன உடனே, எட்டாவது வினாவில் பட்டியல் இனம் என்னும் கதவு அடைபடுகிறது. கணக்கெடுப்பவருக்கான குறிப்பிலேயே அவ்வாறு உள்ளது. தனிமனிதர் விடைகளைக் குடிக்கணக்குச் சட்டம் மறைத்துக் காக்கிறது என்பது மெய்தான். ஆனால் வாயிலில் நிற்கும் மாமாவுக்கு அந்தச் சட்டப் பிரிவு தெரியுமா? தெரிந்தாலும் நம்புவாரா? 2011 இல் அவர் 'இந்து' என்றே சொன்னார். பொய் சொன்னார் என்று நான் எழுதமாட்டேன். ஏட்டின்படி அவர் சொன்னது சரி. ஞானஸ்நானம் பெறாதவரைக் கிறித்தவர் என்று எந்தச் சபையும் எழுதாது. ஆயின் அவரைப் போன்றவர் எத்துணைப் பேர் என்று எழுத எந்த அட்டவணையிலும் கட்டம் இல்லை. ஒரு சட்டம் விடைக்கு விலை வைத்துவிட்டு, பின் அந்த விடையையே எண்ணிப் பார்த்து, இத்துணைப் பேர்தாம் என்று முடிவு கட்டுவது கணித முறையாகாது. இஃது என் தீர்ப்பு, தவறென்போர் எழுதுக.

எதிர்த்திசையிலும் ஒரு கூட்டம் உண்டு, அதையும் மறைக்கலாகாது. செப்டம்பர் 8 அன்று சிவாஜிநகரில் அன்னையின் தேர்த் திருவிழாவில் காவிச் சேலையுடுத்தி மெழுகுவத்தி ஏந்தி நிற்கும் பெண்கள் எல்லாரும் கிறித்தவர் என்று எண்ணுபவர் பெங்களூரை அறியாதவர். பூ விற்பவரும், நேர்ந்துகொண்டவரும், முக்காடிட்ட அன்னையரும் அங்கே இருப்பர். விவேக்நகர் குழந்தை இயேசு கோயிலில் வியாழக்கிழமை வரிசையிலும் அப்படியே. அவர்கள் எவர் ஏட்டிலும் ஏறவேண்டும் என்று கேட்பதில்லை. வேண்டுதல் நிறைவேறினால் அடுத்த ஆண்டும் வருவர்.

கத்தோலிக்கருக்குள் இன்னொரு கணக்கும் உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் (1962–65) வழிபாடு இலத்தீனிலிருந்து மக்கள் மொழிக்கு மாறியது. மக்கள் மொழி எது? தமிழா, கன்னடமா, கொங்கணியா? இலத்தீன் இருந்தவரை எழாத பூசல் அப்போது எழுந்தது. எந்த மொழியில் எத்துணைத் திருப்பலி என்பதற்கு, எந்த மொழியார் எத்துணைப் பேர் என்ற கணக்கு வேண்டியிருந்தது. இந்நகரில் பல ஆண்டுகள் நீடித்த இப்பூசலைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதவேண்டும், இங்கே இடமில்லை.

மாமா 2019 இல் காலமானார். எங்கள் சபையின் கல்லறையில் இடம் கேட்டோம். போதகர் நல்லவர். இரவே வீட்டிற்கு வந்து செபம் செய்தார். அத்தையின் கையைப் பற்றிக்கொண்டு நெடுநேரம் அமர்ந்திருந்தார். ஆனால் ஏட்டில் பெயர் இல்லாதவருக்கு இடம் தர விதி இல்லை என்றார். விதியை நானே பின்னர்ப் படித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரியே. பொதுச் சுடுகாட்டின் ஒரு பக்கத்தில் அடக்கம் செய்தோம். கோயிலின் பாடகர் குழுவில் நால்வர் தாமாக வந்து பாடினர். இருபத்திரண்டு ஆண்டுகள் வந்தவரின் பெயர் ஞானஸ்நான ஏட்டில் இல்லை, குடும்ப ஏட்டில் இல்லை, அடக்க ஏட்டிலும் இல்லை. காணிக்கைக் கணக்கில் மட்டும் இருக்கிறது. அறுப்பின் பண்டிகைதோறும் அவர் கொடுத்ததற்கு ரசீது உண்டு. அத்தை அவற்றை அவருடைய பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள்.

2021 இல் எடுத்திருக்கவேண்டிய குடிக்கணக்கு தள்ளிப்போய், 2027 மார்ச் முதல் நாளைக் குறிப்பு நாளாகக் கொண்டு எடுக்கப்படும் என்று அரசு அறிவித்துள்ளது. இம்முறை எல்லாருடைய சாதியையும் கேட்பார்களாம். இக்கட்டுரைக்காகச் செய்தி திரட்டும்போது அத்தையிடம் சென்று, கணக்கெடுப்பவர் வந்தால் என்ன எழுதச் சொல்வீர்கள் என்று கேட்டேன். தன் பெயரையும் மகள் பெயரையும் சொல்லி, எப்போதும் போலத்தான் என்றாள். பிறகு அடுப்பைத் தணித்துவிட்டு வந்து என்னைப் பார்த்தாள்.

"உங்க மாமாவுக்கு என்னன்னு கேக்கமாட்டாங்க, இல்ல?"

"கேக்கமாட்டாங்க அத்தை. இருக்கிறவங்களை மட்டுந்தான்" என்றேன்.